"வரவில்லை" என்று எழுதுவதற்கு முன்: வெளிநாட்டுப் படிப்பை ரத்து செய்தால் எந்தப் பணம் திரும்பும்?

அக்கா மகன் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. சேர்வதற்கு 2024 ஆகஸ்டில் எல்லாம் கட்டி முடித்திருந்தான். பல்கலைக்கழகத்துக்கு முன்பணம், விசா கட்டணம், கைரேகை எல்லாம் ஆயிற்று. அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி, பைபாஸ். பையன் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்தபடியே பல்கலைக்கழகத்துக்கு "நான் வரவில்லை" என்று ஒரு மெயிலைத் தட்டிவிட்டான். விசா விண்ணப்பத்தையும் வாபஸ் வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் விசா கிடைத்துவிட்டது. அதோடு 1,164 பவுண்ட் போயிற்று. அன்றைய விலைக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாய். அந்த ஐந்து நாளுக்குள் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியிருந்தால் அது முழுதாகத் திரும்பியிருக்கும்.

அதற்கப்புறம் சொந்தத்திலும் தெருவிலும் நாலைந்து பேருக்கு இந்த வேலையைக் கூட இருந்து பார்த்துக் கொடுத்தாயிற்று. கட்டிய தொகையை விட, யாரிடம் எதை எந்த நாளில் சொல்கிறோம் என்பதில்தான் அதிகம் போகிறது அல்லது மிஞ்சுகிறது. அதனால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஒரு தாள்

போகவில்லை என்று முடிவாகிவிட்டதா? சரி, இன்றைக்கு யாருக்கும் மெயில் வேண்டாம், ஏஜெண்டுக்குப் போனும் வேண்டாம். ஒரு தாளை எடுத்து இதுவரை போன பணத்தை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதியில், யார் கணக்கிலிருந்து அல்லது யார் கார்டிலிருந்து, ரசீது எங்கே. கடைசி இரண்டும்தான் முக்கியம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பணம் எங்கிருந்து வந்ததோ அங்கேயேதான் திருப்பி அனுப்பும். பணமோசடித் தடுப்பு விதிகள் அவர்களை அப்படிக் கட்டிப்போட்டிருக்கின்றன. விசா கட்டணமும் கட்டிய கார்டுக்குத்தான் திரும்பும். "நீங்க கேஷா கொடுங்க தம்பி, நான் என் கார்டுல கட்டிடறேன்" என்று ஏஜெண்ட் சொன்னபோது சௌகரியமாகத்தான் இருந்திருக்கும். திரும்பி வரும் பணமும் அவர் கார்டுக்குத்தான் போகும் என்பது இப்போதுதான் உறைக்கும். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள்.

அடுத்து, பல்கலைக்கழகத்தின் பணம் திருப்பும் விதிகளைத் தேடி எடுத்துப் படியுங்கள். சேர்க்கைக் கடிதத்தோடு வந்திருக்கும், அல்லது அவர்கள் தளத்தில் இருக்கும். நீங்கள் சம்மதம் சொன்ன நாளில் இருந்த விதிகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். இந்தியக் கல்லூரிகளுக்கு யுஜிசி போட்டிருக்கும் கட்டணம் திருப்பும் விதியைச் சொல்லிச் சிலர் வாதாடுகிறார்கள். அது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது. அந்த வரியை மெயிலில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

விசா எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

விண்ணப்பிக்கவே இல்லை, விண்ணப்பித்து முடிவு வரவில்லை, மறுத்துவிட்டார்கள், கிடைத்துவிட்டது. உங்கள் நிலைமை இந்த நான்கில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. பொதுவாக, மறுக்கப்பட்டால் பல்கலைக்கழகம் தாராளமாக இருக்கும், நிர்வாகச் செலவு என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். விசா கிடைத்த பிறகு நாமாக விலகினால்தான் கையை இறுக்கும்.

இது தெரிந்த சில ஏஜெண்டுகள் ஒரு யோசனை சொல்வார்கள்: "வாபஸ் வாங்காதீங்க, பேப்பரைக் கொஞ்சம் பலவீனமா வச்சு ரிஜெக்ட் வாங்கிடலாம், முழுப் பணமும் வந்துடும்." வேண்டாம். மறுப்பு என்பது அப்புறம் எந்த நாட்டு விசாப் படிவத்திலும் எழுத வேண்டிய ஒன்று. பொய்க் காகிதம் என்று கண்டுபிடித்தால் இங்கிலாந்தில் பத்து ஆண்டு வரை தடை, கனடாவில் ஐந்து ஆண்டு, ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டு. மோசடியால் மறுக்கப்பட்டதென்றால் முன்பணமும் கிடைக்காது என்று பல பல்கலைக்கழகங்கள் விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. மாறாக, முடிவு வருவதற்கு முன் நாமாக வாபஸ் வாங்குவது மறுப்பு ஆகாது. "உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதுண்டா?" என்று பிற்பாடு கேட்டால் இல்லை என்று தைரியமாக எழுதலாம். "விண்ணப்பித்ததுண்டா?" என்று கேட்டால் மட்டும் ஆமாம் என்று எழுதுங்கள்.

இங்கிலாந்து

நம் ஆட்கள் அதிகம் நஷ்டப்படுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இங்கிலாந்துக்கு மூன்று தனித்தனிப் பணம் போகிறது. விசா கட்டணம் ஒன்று. 2025 ஏப்ரலில் அது 524 பவுண்டாக ஏறியது. கைரேகை கொடுப்பதற்கு முன் வாபஸ் வாங்கினால் இது திரும்பும். விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் விரலை வைத்துவிட்டால் இல்லை.

இரண்டாவது, ஐஎச்எஸ் என்கிற மருத்துவக் கூடுதல் கட்டணம். 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட். ஓராண்டுப் படிப்புக்கு விசா காலம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு என்று கணக்காவதால்தான் அந்த 1,164. விசா மறுக்கப்பட்டாலும், முடிவுக்கு முன் நாமாக வாபஸ் வாங்கினாலும் இது முழுதாகத் திரும்பும். கைரேகை கொடுத்திருந்தாலும் திரும்பும். தனியாக மனுப் போட வேண்டாம், கட்டிய கார்டுக்கே வரும். ஆனால் விசா கிடைத்துவிட்டால், நீங்கள் இங்கிலாந்து மண்ணையே மிதிக்காவிட்டாலும் ஒரு பென்னி வராது. அதனால் முடிவு வராத நிலையில் இருந்தால் முதல் வேலை, இங்கிலாந்து அரசுத் தளத்தில் விசா விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவது. அதற்கான ஒப்புகை மெயில் வந்த பிறகு பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம்.

மூன்றாவது, பல்கலைக்கழக முன்பணம். விசாவுக்குத் தேவையான சிஏஎஸ் எண்ணை, அதாவது பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண்ணை, வாங்குவதற்காகக் கட்டியது. இதற்கு நாடு முழுக்க ஒரே விதி கிடையாது, அவரவர் விதிதான். இடத்தை ஏற்றுக்கொண்ட 14 நாளுக்குள் ரத்து செய்தால் காரணம் கேட்காமல் முழுப் பணத்தையும் தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. தேதியைப் பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் இன்னும் இரண்டு நாள் மிச்சமிருக்கும். அதைத் தாண்டிவிட்டால் "விதிவிலக்கான சூழ்நிலை" என்ற பகுதியைத் தேடுங்கள். கடும் நோய், பெற்றோர் மரணம் போன்றவற்றைச் சிலர் ஏற்பார்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில்தான் இருக்கும், அப்படியே இணைக்கலாம்.

விசா கிடைத்த பின் விலகினால், சிஏஎஸ் கொடுத்த பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தகவல் சொல்லும், விசா ரத்தாகும். பணம் திருப்புவதற்கு முன் அந்த ரத்துக்கு ஆதாரம் கேட்பவர்களும் உண்டு. காசநோய்ப் பரிசோதனைக் கட்டணம், விஎஃப்எஸ் கூடுதல் சேவைகள் எல்லாம் போனது போனதுதான். அவற்றைத் துரத்த வேண்டாம்.

ஆஸ்திரேலியா, கனடா, மற்றவை

ஆஸ்திரேலியாவில் விசா கட்டணம் பெரிய அடி. 2025 ஜூலையில் அது 2,000 ஆஸ்திரேலிய டாலராக ஏறியது. மறுத்தாலும் வாபஸ் வாங்கினாலும் திரும்பாது. ஆனால் படிப்புக் கட்டண விஷயத்தில் எனக்குப் பிடித்த நாடு அதுதான், ஏனென்றால் அங்கே சட்டமே இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விசா மறுக்கப்பட்டதால் படிப்பைத் தொடங்கவே முடியவில்லை என்றால் கல்லூரி பிடித்துக்கொள்ளக்கூடியது, கட்டிய பணத்தில் 5 சதவீதம் அல்லது 500 டாலர், எது குறைவோ அது மட்டும். மீதியை நான்கு வாரத்துக்குள் தர வேண்டும். கல்லூரி எழுதிய விதி என்ன சொன்னாலும் இதுதான் செல்லும். நாமாக விலகினால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சொல்வதுதான் கணக்கு. அதற்கும் எழுத்தில் கேட்ட நாளிலிருந்து நான்கு வாரக் கெடு உண்டு. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். பல்கலைக்கழகம் இழுத்தடித்தால், 2025 பிப்ரவரியில் தொடங்கிய தேசிய மாணவர் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம்.

கனடாவில் படிப்பு அனுமதிக்கு 150 கனடா டாலர், கைரேகைக்கு 85. பரிசீலனை தொடங்கிவிட்டால் 150 திரும்பாது. கைரேகைப் பதிவு பத்து ஆண்டு செல்லும் என்பதால் அந்த 85 முழு நஷ்டமில்லை, பின்னால் உதவும். பெரிய தொகை, அங்கே வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வங்கியில் போடும் ஜிஐசி என்கிற வைப்புத்தொகைதான். 2024-இல் 20,635 டாலராக இருந்த வாழ்க்கைச் செலவுக் கணக்கு, 2025 செப்டம்பரிலிருந்து 22,895. இது நம்முடைய பணம், சேவைக் கட்டணம் போகத் திரும்பும். விசா மறுப்பு என்றால் மறுப்புக் கடிதத்தை வங்கியின் தளத்தில் ஏற்றினால் வேலை நகரும். நாமாக விலகினால்தான், விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிய கடிதம், கல்லூரியிலிருந்து விலகிய கடிதம் என்று ஆதாரம் கேட்பார்கள். ஆகவே கனடாவுக்கு வரிசை: குடிவரவுத் துறை, அப்புறம் கல்லூரி, கடைசியில் வங்கி. கல்லூரிக்குப் பணம் திருப்பும் கெடுத்தேதி இருக்கும். அதற்கு ஒரு நாள் பிந்தினால் பெரும் தொகை போய்விடும்.

அமெரிக்காவில் விசா கட்டணம் 185 டாலரும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலரும் பொதுவாகத் திரும்பாதவை. ஆனால் நேர்காணல் இன்னும் போகவில்லை என்றால், கட்டிய விசா கட்டணத்தை வைத்து ஓராண்டுக்குள் தேதி வாங்கலாம். விசா மறுக்கப்பட்டு 12 மாதத்துக்குள் அதே வகையில் மறுபடி விண்ணப்பித்தால் செவிஸ் மறுபடி கட்ட வேண்டியதில்லை. போகவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குச் சொல்லி ஐ-20 என்கிற சேர்க்கைப் படிவத்தின் பதிவை ரத்து செய்ய வையுங்கள். பாஸ்போர்ட்டில் விசா இருக்கிறதே என்று அதை வைத்துச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடக் கூடாது.

ஜெர்மனிக்கு, வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டும் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டிருப்பீர்கள். அது திரும்பும். விசா மறுப்பு ஆணை, அல்லது விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினேன் என்பதற்குத் தூதரகத்தின் உறுதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். 75 யூரோ விசா கட்டணமும் நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்குக் கட்டிய 18,000 ரூபாயும் வராது.

தள்ளிவைப்பதா, விலகுவதா?

அடுத்த ஆண்டு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஏஜெண்ட் "டிஃபர் பண்ணிடுங்க" என்பார். நல்ல யோசனையாகவும் இருக்கலாம். ஆனால் ஒருமுறை தள்ளிவைத்தபின் முன்பணம் திரும்பாது என்று சில பல்கலைக்கழகங்களில் விதி இருக்கிறது, கட்டணமும் அடுத்த ஆண்டு விலைக்கு ஏறும். மாணவர் சேர்ந்தால்தான் ஏஜெண்டுக்குக் கமிஷன். இதில் அவருக்கும் நமக்கும் ஒரே ஆசை இல்லை. தள்ளிவைத்து, பிறகு விலகினால் எவ்வளவு வரும் என்று பல்கலைக்கழகத்திடமே எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு முடிவெடுங்கள்.

எழுதும் மெயில்

உருக வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், மாணவர் எண், படிப்பு, தொடங்கும் மாதம், விலகுகிறேன் என்ற ஒரு வரி, காரணம் ஒரு வரி. கட்டிய தொகையும் தேதியும். விதியின் இந்தப் பிரிவின்படி பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்ற வாக்கியம். விசா வாபஸ் ஒப்புகை, கட்டண ரசீது இரண்டும் இணைப்பு. எத்தனை வாரத்தில் பதில் தருவீர்கள் என்ற கேள்வியோடு முடியுங்கள். ஏஜெண்டின் மெயிலிலிருந்து போக வேண்டாம், உங்கள் மெயிலிலிருந்து போகட்டும். விண்ணப்பம் போட்டபோது ஏஜெண்ட் தன் மெயில் முகவரியைக் கொடுத்திருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் பல்கலைக்கழகம் மூன்று முறை வங்கி விவரம் கேட்டு எழுதியிருந்தது. எல்லாம் ஏஜெண்டின் மெயில்பெட்டியில் திறக்காமலே கிடந்தன.

வங்கி விவரம் என்றதும் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும், வங்கிப் புத்தகத்திலோ பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், அனுப்பும் வங்கிக்குத் தெரியாது. பணம் பாதி வழியில் நின்று திரும்பிப் போகும், போகிற வழியில் கட்டணமும் பிடிக்கப்படும். முன்கூட்டியே கணக்கில் பெயரைப் பாஸ்போர்ட்டின்படி திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து பணம் வரத் தேவையான ஸ்விஃப்ட் குறியீடு சின்ன ஊர்க் கிளைகளுக்குப் பெரும்பாலும் இருக்காது. வெளிநாட்டுப் பணம் கையாளும் கிளையின் குறியீட்டை மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

ஏஜெண்ட்

ஏஜெண்டுக்குக் கொடுத்த சேவைக் கட்டணம் வேறு, அவர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போன கட்டணம் வேறு. முதலாவதைப் பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது உங்கள் பணம். அது அவர் கணக்குக்கு வந்திருந்தால், எந்தத் தேதியில் எவ்வளவு திருப்பினீர்கள் என்று பல்கலைக்கழகத்திடமே கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு மெயிலை நீட்டினாலே பல பேர் வழிக்கு வந்துவிடுகிறார்கள். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இணையத்திலேயே இ-ஜாக்ரிதி தளம் வழியாக மனுப் போடலாம்.

பணம் வந்தபின்

சொந்தப் பணமாக அனுப்பியிருந்தால், வரும் தொகை அனுப்பிய தொகைக்குச் சமமாக இருக்காது. அனுப்பும்போது வங்கி பவுண்டை 110-க்கு விற்றது, வரும்போது 106-க்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 4,000 பவுண்டுக்கு 16,000 ரூபாய் அங்கேயே கரைகிறது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டுக் கணக்கிலேயே பணம் சும்மா கிடந்தால் 180 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அனுப்பியபோது வங்கி டிசிஎஸ் என்கிற வரியை முன்கூட்டியே பிடித்திருக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை பிடிப்பதில்லை. வங்கிக் கல்விக் கடனிலிருந்து போன பணத்துக்கு அதற்கு மேலும் இல்லை. பிடித்திருந்தால், படிப்பு ரத்தாகிவிட்டது என்று வங்கியிடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. அது அரசுக்குப் போயாயிற்று. யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ அவருடைய 26ஏஎஸ் என்கிற வரிப் பிடித்த அறிக்கையில் நிற்கும், வருமான வரிக் கணக்கில் காட்டி வாங்க வேண்டும். அப்பாவின் கணக்கிலிருந்து போயிருந்தால் அப்பாதான் தாக்கல் செய்ய வேண்டும், பையன் அல்ல.

கல்விக் கடன் என்றால் ரத்து முடிவான அன்றே வங்கிக்கு எழுத்தில் சொல்லுங்கள். அடுத்த தவணை போகாமல் நிற்கட்டும். பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போன பணம் திரும்பும்போது கடன் கணக்குக்குத்தான் வர வேண்டும். சேமிப்புக் கணக்கில் வந்தாலும் உடனே அங்கே மாற்றிவிடுங்கள். 10 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் ஓடிக்கொண்டே இருக்கும். பல்கலைக்கழகம் மூன்று மாதம் எடுத்துக்கொண்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். திரும்பி வந்தது போகக் குறையும் தொகையைக் கையிலிருந்து கட்டித்தான் கடனை முடிக்க வேண்டியிருக்கும்.

வீட்டுப் பத்திரத்தை வைத்திருந்தால் இன்னும் ஒரு வேலை பாக்கி. கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி, அதாவது பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவு, போட்டிருப்பீர்கள், அது அப்படியே நிற்கும். வங்கி அதிகாரி வந்து, கடன் அடைந்துவிட்டது என்று ரசீது பதிவு செய்து கொடுத்தால்தான் அது நீங்கும். பதிவு முடிந்து சில நாள் கழித்து ஒரு வில்லங்கச் சான்று போட்டு, ரசீதுப் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அக்கா வீட்டில் அது ஏறவில்லை. இரண்டாம் தடவை போய்க் கேட்ட பிறகுதான் ஏறிற்று.